220 ரூபாய் தனிம அட்டவணையும் 749 ரூபாய் அணுப் பெட்டியும்: ஒரு பழைய புரூஃப் ரீடரின் மதிப்புரை

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ஆறு வருஷம் புரூஃப் பார்த்தவள் நான். படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். பார்த்த வேலை, காலண்டரில் அமாவாசை சரியான தேதியில் விழுந்திருக்கிறதா, பட்டாசு லேபிளில் எச்சரிக்கை வரி விடுபடாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது. அதை விட்டுவிட்டு இப்போது வீட்டு மாடியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினோரு பேர். ஆனாலும் பழைய தொழில் கண்ணை விட்டுப் போகவில்லை. எந்தச் சார்ட்டை விரித்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால் கலர் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இந்த ஜூனில் இரண்டு பொருள் வாங்கினேன். கடைவீதியில் 220 ரூபாய்க்கு ஒரு தனிம வரிசை அட்டவணை, ஆன்லைனில் 749 ரூபாய்க்கு ஓர் அணு மாதிரிப் பெட்டி. இரண்டையும் ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சார்ட்டைப் பொறுத்தவரை ஒரே டிசைனைப் பெயரை மட்டும் மாற்றி நாலு பேர் அடிப்பதும் உண்டு, பெயரைச் சொல்லிப் பயனில்லை. நான் சொல்கிற இடங்களை மட்டும் கடையிலேயே விரித்துப் பாருங்கள், போதும்.

முதலில் அச்சு. 28க்கு 40 அங்குலம், நல்ல ஆர்ட் பேப்பர், இரண்டு பக்கமும் லேமினேஷன், மேலும் கீழும் பிளாஸ்டிக் பட்டை. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கட்டத்தின் மஞ்சள் பக்கத்துக் கட்டத்துக்குள் ஒழுகவில்லை. எங்கள் பழைய ஃபோர்மேன் பார்த்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் லேமினேஷன் பளபளா ரகம். டியூப்லைட் நேரே விழுந்து, இடது ஓரம் உட்காருகிற மூன்று பிள்ளைகளுக்கு ருபீடியத்திலிருந்து செனான் வரை ஐந்தாவது வரிசை முழுக்க வெறும் வெளிச்சக் கோடாகத் தெரிந்தது. ஆணியை இரண்டு தடவை இடம் மாற்றினேன். பளபளப்பு இல்லாத மேட் லேமினேஷன் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

பிழை ஒன்றே ஒன்றுதான் கண்டேன், ஆனால் நல்ல இடத்தில். கோபால்ட்டின் குறியீட்டில் 'சி' பெரிய எழுத்தாகவும் 'ஓ' சின்ன எழுத்தாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அது கார்பன் மோனாக்சைடு. இருபத்தேழாம் கட்டத்தில், இரும்புக்கும் நிக்கலுக்கும் நடுவில், விஷ வாயு! கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். "இத்தனை விற்றிருக்கேன், யாருமே சொல்லலையேக்கா" என்றார். யாரும் சொல்லாததுதான் எனக்கு வருத்தம். மெல்லிய மார்க்கர் பேனாவால் நானே திருத்திக்கொண்டேன். வேறு சார்ட் வாங்குகிறவர்கள் 113, 115, 117, 118 ஆகிய நான்கு கட்டங்களையும் பாருங்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னஸின், ஒகனெசான் என்று இருக்க வேண்டும். 2016 நவம்பரில்தான் இந்தப் பெயர்கள் உறுதியாயின. 'அனன்' என்று தொடங்கும் தற்காலிகப் பெயர்கள் இருந்தால் அது பழைய பிளேட்டில் ஓட்டிய சார்ட்.

சரி, இதை நான் வாங்கியதற்குக் காரணம் அச்சு அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் அணு எண், குறியீடு, தமிழ்ப் பெயர், அணு நிறை, அடர்த்தி, உருகுநிலை எல்லாம் இருக்கின்றன. அது பல சார்ட்டிலும் உண்டு. இதில் கூடுதலாக, கட்டத்தின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில், அணுக்கருவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கூட்டிலும் (அடுக்கிலும்) எத்தனை எலக்ட்ரான் என்று மேலிருந்து கீழாகப் போட்டிருக்கிறார்கள். சோடியத்துக்கு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. என்னைக் கேட்டால் இந்தப் பொடி எழுத்துத்தான் சார்ட். இது இல்லாத அட்டவணை வெறும் பெயர்ப் பலகை. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று சொல்லும், ஏன் அங்கே இருக்கிறார் என்று சொல்லாது.

புத்தகத்தைத் திறக்கும் முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஒரு பத்தியில் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வா, கட்டத்துக்குள் கடைசி எண்ணை மட்டும் படி. முதல் பத்தியில் லித்தியம் ஒன்று, சோடியம் ஒன்று, பொட்டாசியம் ஒன்று, ருபீடியம் ஒன்று, சீசியம் ஒன்று. பதினேழாம் பத்தியில் எல்லாம் ஏழு. வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருந்தால் அதை விட்டுவிடத்தான் தோதாக இருக்கும். ஏழு இருந்தால் இன்னொன்று வாங்கி எட்டாக்கப் பார்க்கும். சோடியமும் குளோரினும் சேர்ந்து சமையலறை உப்பாவது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். பத்திக்குத் தொகுதி என்று பெயர், மொத்தம் 18. இந்தச் சார்ட்டில் 1 முதல் 18 வரை எண்ணும் இருக்கிறது, பழைய ரோமன் எண்ணும் ஏ, பி என்ற எழுத்தும் கூடவே இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்துக்கு 1 முதல் 18 போதும். ரோமன் எண்ணைப் பிள்ளைகள் கண்ணிலிருந்து மறைக்க மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன்.

அடுத்து, கிடைமட்ட வரிசை. வரிசை எண் எதுவோ அத்தனை கூடுகள். மூன்றாவது வரிசையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மூன்று கூடு. வரிசையில் எத்தனை தனிமம் என்று எண்ணச் சொன்னால் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று வரும், கூட்டினால் 118. இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், ஹீலியம் 2ல முடியுது. அப்போ பெரிலியம், மெக்னீசியத்துக்கு மேலேதானே வரணும்? ஏன் அந்தக் கோடியில இருக்கு?" எனக்கு அன்றைக்கு அவளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுக்கத் தோன்றியது. ஹீலியத்துக்கு இருப்பது ஒரே கூடு, அந்தக் கூட்டின் கொள்ளளவே 2. அங்கே 2 என்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மெக்னீசியத்தின் 2 என்பது காலி வீட்டில் இரண்டு பேர். நிறைந்தவர்கள் யாரோடும் பேசமாட்டார்கள். அதனால்தான் ஹீலியம் நியானுக்கும் ஆர்கானுக்கும் தலைமாட்டில், மந்த வாயுப் பத்தியில்.

சார்ட்டின் அடியில் 'வரலாறு' என்று ஒரு பட்டை. ஹீலியத்துக்கு நேரே 1895 என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அது பிரிட்டிஷ் வேதியியலாளர் ராம்சே அதைப் பூமியில் பிடித்த வருஷம். வானத்தில் தெரிந்தது அதற்கு முன்பே. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்தின் மேலேதான் போனது. பிரெஞ்சுக்காரர் ழான்சன் குண்டூரில் கருவியோடு நின்றார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார். இரண்டும் அன்றைக்குச் சென்னை மாகாணம். சூரியனின் விளிம்பு ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒத்துப்போகாமல் கொஞ்சம் தள்ளி நின்றது. அது ஹீலியத்தின் கோடு. தமிழில் அடிக்கிற சார்ட்டில் இதற்கு அரை வரி இடம் இல்லையா?

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, பாதரசம், துத்தநாகம், கந்தகம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஐம்பதாம் கட்டத்தில் வெள்ளீயம், எண்பத்திரண்டில் ஈயம் என்றும் சரியாகவே போட்டிருக்கிறார்கள், நெடில் குறையாமல். ஆனால் வீட்டுப் பேச்சு வேறு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஈயத்தால் ஆனது அல்ல, வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம்தான். எண்பத்திரண்டாம் கட்டத்துக் காரீயம் நஞ்சு, அதில் ரசம் வைக்கக் கூடாது. இதைச் சொன்ன மறுநாள் ஒரு பாட்டி மாடி ஏறி வந்து, "ஏம்மா, என் சொம்பத் தூக்கி எறியச் சொன்னியாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். குறியீடுகளுக்குக் கட்டத்தின் மூலையில் லத்தீன் பெயரைப் போட்டிருப்பது நல்ல வேலை. நேட்ரியம், கேலியம் (பொட்டாசியம்), ஃபெர்ரம், ஆரம். சோடியத்துக்கு ஏன் 'என்.ஏ.' என்று வருஷா வருஷம் கேட்கும் கேள்விக்கு இப்போது சுவரே பதில் சொல்கிறது.

நான் வாங்கியதில் மிகவும் பயன்பட்டது அடர்த்தி எண்தான். அதை வைத்து ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன், சார்ட் வாங்குகிறவர்கள் செய்து பார்க்கலாம். முப்பத்திரண்டாம் கட்டத்தின்மேல், அதாவது ஜெர்மானியத்தின்மேல், ஒரு தாள் ஒட்டினேன். சுற்றியிருக்கும் நாலு வீட்டை மட்டும் வைத்து இந்த வீட்டில் இருப்பவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். மேலே சிலிக்கான், கீழே வெள்ளீயம், இடது காலியம், வலது ஆர்செனிக். அணு நிறைகள் 28.1, 118.7, 69.7, 74.9. கூட்டி நாலால் வகுத்தால் 72.85. அடர்த்திகள் 2.33, 7.29, 5.91, 5.73. சராசரி 5.315. தாளைப் பிய்த்தால் உள்ளே 72.63, 5.32. மாடியில் ஒரே கூச்சல். கீழே இருந்து என் மாமியார் என்னவோ ஏதோ என்று குரல் கொடுத்தார்.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது தெரிந்த தனிமங்கள் 63தான். அந்த இடத்தில் அவருக்கும் தாள்தான் ஒட்டியிருந்தது, பிய்த்துப் பார்க்க வழியில்லை. அந்தக் காலி வீட்டுக்கு ஏகசிலிக்கான் என்று பேர் வைத்தார். 'ஏக' நம் ஊர்ச் சொல்தான், சமஸ்கிருதத்து ஒன்று. சிலிக்கானுக்கு அடுத்த ஒரு படி. நிறை 72, அடர்த்தி 5.5 என்று எழுதி வைத்தார். 1886இல் விங்க்லர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே 1875இல் காலியம் கிடைத்திருந்தது. கண்டுபிடித்த புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்று அளந்து சொல்ல, பொருளைக் கண்ணால் பார்க்காத மெண்டலீவ், 5.9 வர வேண்டும், திரும்ப அளந்து பாருங்கள் என்றார். சுத்தப்படுத்தி அளந்ததில் 5.9தான் வந்தது. புரூஃப் பார்க்கிறவள் என்பதால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூலப்பிரதியைப் பார்க்காமலே பிழை கண்டுபிடித்த ஆள் அவர். ஆனால் இந்தச் சராசரி வித்தையை உருகுநிலைக்குப் போட்டால் காலை வாரிவிடும். 600ஐ ஒட்டி வருகிறது, உண்மை 938 டிகிரி. பிள்ளைகள் தாங்களாகவே அதையும் போட்டுப் பார்த்து என்னை மடக்கினார்கள். அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

உருகுநிலையில் இன்னொரு வேடிக்கை. திண்மம் கறுப்பு எழுத்து, வாயு சிவப்பு, திரவம் நீலம். நீலத்தில் இருப்பவை பாதரசமும் புரோமினும் மட்டும். அது 25 டிகிரிக் கணக்கு. சிவகாசி மாடியில் மே மாதம் 25 டிகிரி எங்கே இருக்கிறது? காலியம் 29.8லும் சீசியம் 28.5லும் உருகிவிடும். எங்கள் சார்ட்டில் கோடைக்கு நாலு நீலம்.

இரண்டாம் தொகுதியில் பாடம் நடத்த எனக்கு வேலையே இல்லை. என் பிள்ளைகளில் ஏழு பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். ஸ்ட்ரான்சியம் என்றால் சிவப்பு என்று அவர்களுக்குத் தெரியும். பேரியம் நைட்ரேட்டை ஊரில் பச்சை உப்பு என்பார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்ட பிறகு அந்தத் தனிமத்தின் பெயரை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். "மிஸ், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூணும் ஒரே வரிசையாத் தொங்குதே" என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள். அதற்கும் கீழே ரேடியம். 1898இல் கியூரி தம்பதி கனிமத்தைப் பிரித்துக்கொண்டே போனபோது ரேடியம் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு பிரியாமல் வந்தது. ஒரே பத்தி, ஒரே குணம். சார்ட்காரர் கால்சியத்துக்குப் பால் டம்ளர் படமும் பேரியத்துக்கு ஏதோ சாம்பல் கட்டியும் போட்டிருக்கிறார். ஒரு பச்சை மத்தாப்பு போட்டிருக்கக் கூடாதா? சிவகாசியில் படத்துக்கா பஞ்சம்!

படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கோபம் வரும். ஒகனெசானுக்கு ஒரு குடுவையில் ஊதா வாயு படம். அந்தத் தனிமத்தில் இதுவரை உண்டாக்கியது விரல்விட்டு எண்ணும் அளவு அணுக்கள். ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காமல் சிதைந்துவிட்டது. குடுவையில் பிடித்துப் படம் எடுத்த மகராசன் யார்? கட்டம் காலியாக இருந்தால் டிசைன் கெடும் என்று எவனோ கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறான். காலிக் கட்டத்துக்கு என்ன மரியாதை என்பதை மெண்டலீவிடம் கேட்க வேண்டும்.

பெரிய குறை அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு வரிசை. லாந்தனைடு, ஆக்டினைடு. மேலே பேரியம் 56, அடுத்த முழுக் கட்டம் ஹாஃப்னியம் 72. நடுவில் ஒரு கட்டத்தில் '57–71' என்று எறும்பு சைஸில். பிள்ளைகளைக் கேட்டால், "அது எக்ஸ்ட்ரா தனிமம் மிஸ், பரீட்சைக்கு வராது" என்கிறார்கள். இடம் போதாததால் கீழே இறக்கி வைத்தது என்று ஒரு அம்புக்குறியாவது போட வேண்டாமா? நான் இன்னொரு 220 ரூபாய் செலவழித்து இரண்டாவது சார்ட் வாங்கி, கத்தரிக்கோலை அவர்கள் கையில் கொடுத்தேன். செங்குத்தாக வெட்டி, வலது பக்கத்தைத் தள்ளி வைத்து, கீழ் வரிசைகளை இடையில் சொருக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில் சண்டை. இரண்டாம் தொகுதிக்கு அப்புறம் வெட்டினால் யிட்ரியத்துக்கு நேர்கீழே லுட்டீஷியம் வந்து உட்காருகிறது. மூன்றாம் தொகுதிக்கு அப்புறம் வெட்டினால் அங்கே லாந்தனம். எப்படி வெட்டினாலும் 56, 57 என்று எண் வரிசை மட்டும் பிசகவில்லை. இதே சண்டை பெரிய இடத்திலும் நடக்கிறது. 2021இல் சர்வதேச வேதியியல் ஒன்றியத்தின் குழு ஒன்று லுட்டீஷியம் பக்கம் சாய்ந்து இடைக்கால அறிக்கை கொடுத்தது. நாங்களும் அப்படியே வெட்டினோம். ஐந்தே முக்கால் அடி நீளம், 32 பத்தி. சுவர் போதாமல் ஹாலஜனும் (பதினேழாம் தொகுதி) மந்த வாயுவும் பீரோ கதவுமேல் இருக்கின்றன. கதவைத் திறந்தால் குளோரின் தனியாக வரும்.

இனி அணுப் பெட்டி. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் பலகை, நடுவில் நாலு சென்டிமீட்டர் கிண்ணம், அதுதான் அணுக்கரு. சுற்றிலும் நாலு வளையம், அவற்றில் 2, 8, 18, 8 என்று குழிகள். புரோட்டானுக்குச் சிவப்பு, நியூட்ரானுக்கு வெள்ளை, எலக்ட்ரானுக்கு நீலம் என்று ஒவ்வொன்றிலும் 20 மணிகள். ஹைட்ரஜனிலிருந்து கால்சியம் வரை கட்டலாம் என்று டப்பாமேல் போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் உறுதி. மூன்று மாதத்தில் இரண்டு தடவை மாடியிலிருந்து விழுந்தும் வளையம் உடையவில்லை. நீல மணிதான் சின்னது, உருண்டு ஓடிவிடுகிறது. ஒரு நேரத்தில் ஓர் அணுதான் கட்ட முடியும், பதினோரு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி பத்தாது.

அளவுக் கணக்கு எப்படியும் பொய்தான், அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. சோடிய அணுக்கரு இந்த நாலு சென்டிமீட்டர் கிண்ணம் என்றால், கடைசி எலக்ட்ரான் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். நடுவில் எல்லாம் வெறும் வெளி. 1909இல் கைகரும் மார்ஸ்டனும் தங்கத் தகட்டின்மேல் நேர்மின்சுமையுள்ள ஆல்ஃபா துகள்களை விட்டபோது பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போனதும், மிகச் சில மட்டும் முட்டித் திரும்பியதும் இதனால்தான். அதிலிருந்துதான் ரூதர்ஃபோர்டு 1911இல் அணுக்கருவைச் சொன்னார். கையேட்டில் இதற்கு ஒரு வரி இருந்திருக்கலாம். எட்டுப் பக்கக் கையேடு முழுக்க ஆங்கிலம், அதிலும் இரண்டு பக்கம் 'வாயில் போடாதே'.

சோடியம் கட்டினால் கடைசி நீல மணியைத் தூக்கி மேல் வளையத்தில் வைத்து, திரும்ப இறக்கிக் காட்டுவேன். சூட்டில் ஏறி, இறங்கும்போது மஞ்சள் வெளிச்சமாகக் கொட்டும். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இறங்குகிற உயரம் மாறினால் நிறம் மாறும். இதற்கு இந்தப் பெட்டி அருமை.

குளோரினில் முதல் தடுமாற்றம். நிறை எண்ணிலிருந்து (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) அணு எண்ணை (புரோட்டான் எண்ணிக்கை) கழித்தால் நியூட்ரான் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். சுவரைப் பார்த்தார்கள், 35.45. கழித்தால் 18.45. "அந்த .45 நியூட்ரானுக்கு மணியை வெட்டணுமா மிஸ்?" நாலு குளோரின் அணுவில் ஏறக்குறைய மூன்றில் 18 நியூட்ரான், ஒன்றில் 20, சார்ட்டில் இருப்பது சராசரி. ஒரே தனிமம், வேறு நியூட்ரான் எண்ணிக்கை: ஐசோடோப்பு பாடம் அங்கேயே முடிந்தது.

அடுத்த கட்டம் ஆர்கான். நிறை 39.95, அதாவது 40. பதினெட்டுப் போனால் 22 நியூட்ரான். பெட்டியில் வெள்ளை மணி 20தான்! கால்சியம் வரை கட்டலாம் என்று விற்கிறவர் ஆர்கானைக் கட்டிப் பார்த்திருக்கவே இல்லை. கால்சியத்துக்கு 20 போதும், ஆகவே முன்னால் இருப்பதற்கெல்லாம் போதும் என்று நினைத்திருப்பார். நான் கீழே போய் இரண்டு கொண்டைக்கடலை எடுத்து வந்து கிண்ணத்தில் போட்டேன். அடுத்து பொட்டாசியம், நிறை 39, பத்தொன்பது போனால் 20. கடலையை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ஓர் எண் முன்னால் போயிருக்கிறோம், எடை குறைந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே பிடித்தான். "அப்போ வரிசையே தப்பு மிஸ், பொட்டாசியம்தான் முன்னால வரணும்."

மெண்டலீவுக்கு இந்தச் சிக்கல் ஆர்கானில் வரவில்லை, அப்போது ஆர்கானே தெரியாது. அவருக்கு வந்தது டெல்லூரியத்திலும் அயோடினிலும். டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. எடைப்படி வைத்தால் அயோடின் கந்தகம் இருக்கிற பத்திக்குப் போய்விடும், குணமோ குளோரினுடையது. அவர் குணத்தை நம்பி இடத்தைப் போட்டார். எடையை யாரோ தப்பாக அளந்திருப்பார்கள் என்று நினைத்தார். அந்த ஒரு இடத்தில் அவர் புரூஃப் தப்பு. எடை சரிதான், எடையால் வரிசை போட்டதுதான் கோளாறு. 1913இல் மோஸ்லி என்ற இங்கிலாந்து இயற்பியலாளர் எக்ஸ் கதிரை வைத்து ஒவ்வொரு தனிமத்துக்கும் கருவின் மின்சுமையை எண்ணிக் காட்டினார். வரிசை நிற்பது புரோட்டான் எண்ணிக்கையில். கடலை எத்தனை என்பதில் அல்ல. கோபால்ட்டும் நிக்கலும் இப்படித்தான், 58.93க்கு அப்புறம் 58.69. மோஸ்லி 1915இல், முதல் உலகப் போரின் கலிப்போலிச் சண்டையில் இறந்தார், வயது 27. அதைச் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொட்டாசியத்தில் பெட்டி இன்னொரு தடவை மாட்டிக்கொண்டது. மூன்றாவது வளையத்தில் 18 குழி, எட்டுதான் நிரம்பியிருக்கிறது. பத்தொன்பதாவது மணியைப் பிள்ளைகள் நியாயமாக அங்கேதான் வைப்பார்கள். சுவரில் 2, 8, 8, 1 என்று இருக்கிறது. காரணம், மூன்றாவது கூட்டின் மீதி இடம் நான்காவது கூட்டின் முதல் இரண்டு இடத்தைவிடக் கூடுதல் ஆற்றல் கேட்கிறது. மாடியில் பாதி அறை காலியாக இருந்தும், ஏற மனமில்லாமல் அடுத்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்காருவதுபோல. கால்சியத்தோடு திண்ணை நிறைகிறது. இருபத்தொன்றாம் தனிமம் ஸ்காண்டியத்திலிருந்து மாடிக்குத் திரும்பப் பத்து பேர் ஏறுகிறார்கள். அந்தப் பத்துதான் சார்ட்டின் நடுவில் பள்ளமாக இறங்கும் இடைநிலைத் தனிமங்கள். நாலாவது வரிசை எட்டிலிருந்து பதினெட்டாக நீளுவது அதனால்தான். கையேடு இதைப் பற்றி மூச்சே விடவில்லை, பெட்டியும் சரியாக இருபதோடு நின்றுவிடுகிறது. இன்னும் பத்து மணி சேர்த்திருந்தால் முப்பதாம் நம்பர் துத்தநாகம் வரை எலக்ட்ரானையாவது நிரப்பிப் பார்த்திருக்கலாம். பத்து மணிக்கு என்ன பெரிய விலை?

சார்ட்டுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பொடி எழுத்துக்காகவும் அடர்த்திக்காகவும். ஒரு மதிப்பெண் கோபால்ட்டுக்கும் அந்த ஊதாக் குடுவைக்கும் போனது. ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்தில் வாங்கி மாட்டுங்கள், பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கினால் சுவருக்கு அழகு, அவ்வளவுதான். அணுப் பெட்டிக்கு மூன்று. ஒரே பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சரி. டியூஷன், பள்ளிக்கூடம் என்றால் மூன்று பெட்டியாவது வேண்டும், அந்தக் காசுக்கு வேறு யோசிக்கலாம். விற்றவருக்கு வெள்ளை மணி இரண்டு குறைகிறது என்று எழுதினேன். "பொருள் உடைந்து வந்ததா? படம் அனுப்பவும்" என்று பதில் வந்தது. கிண்ணத்தில் கடலையோடு ஆர்கானைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் ஒன்றும் வரவில்லை. போன வாரம் பெட்டியைத் திறந்தால் கடலை ஒன்றில் வண்டு துளைத்திருந்தது. வேறு இரண்டு வறுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.